மறு: ‘கிரேக்க யோகர்ட்’ தமிழில்: வடிதயிர்?

அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்கர்களின் வெள்ளரித் தொடுகறியான சட்சீகியின் செய்முறையை எழுதும் நண்பர் நம்மிடம் கேட்டது இரண்டு சொற்கள். அதில் சேரும் தயிருக்கு ஒன்று, அந்தத் தொடுகறிக்கு ஒன்று. தயிரை முதலில் முடித்துவிடுவோம். கடையில் ‘கிரேக்க யோகர்ட்’ என்று விற்கும், நீர் வடித்த தயிர் அது. அதற்கு ‘வடிதயிர்’ என்பதே என் தேர்வு; குழுவில் நீங்கள் எழுதிய மாற்று யோசனைகளையும் ஐயத்தையும் மேற்கோளிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அந்தச் சொல் சரியாக அமையாவிட்டால் படிப்பவர் வீட்டுத் தயிரை அப்படியே ஊற்றிவிடுவார்.

> கடையில் எல்லாரும் கிரேக்க யோகர்ட் என்றுதான் கேட்கிறார்கள். கிரேக்கத் தயிர் என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். கிரேக்கர்கள் அதை ‘ஸ்ட்ராங்கிஸ்தோ’ என்கிறார்கள், அதாவது வடித்தது. துருக்கியர் சொல்லும் ‘சூஸ்மே’யும் அதே பொருள்தான். ஈரானில் ‘சொட்டிய தயிர்’ என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தயிரை வடித்துத் தின்பவர்கள் எல்லாரும் கைவேலையை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். நாட்டுப் பெயரை ஒட்டினால் வம்பும் கூடவே வரும். பிரிட்டனில் கிரேக்க நிறுவனமான ஃபாயே, அமெரிக்க நிறுவனமான சோபானிமீது வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவில் தயாரித்த தயிரை அங்கே ‘கிரீக் யோகர்ட்’ என்று விற்கக் கூடாது என்ற தீர்ப்பை 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. நம் வீட்டில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிருக்கு அந்தப் பெயர் எதற்கு?

> கெட்டித் தயிர் என்றால் யாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பாலைச் சுண்டக் காய்ச்சி உறையூற்றினாலும் கெட்டித் தயிர்தான். கரண்டியால் வெட்டி எடுத்த குழியில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறி நிற்குமே, அந்தத் தண்ணீர் உள்ளேயே இருக்கும் தயிர் அது. சட்சீகிக்கு அந்தத் தண்ணீர் போக வேண்டும். நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியில் தயிரைக் கொட்டி, முடிச்சுப் போட்டு, அடியில் பாத்திரம் வைத்து ஓர் இரவு குளிர்பெட்டியில் விட்டால், லேசான பச்சைமஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலையில் பார்த்தால் தயிர் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கும். துணியைப் பிரித்தால் இழைகளின் தடம் அப்படியே பதிந்து, கத்தியால் தடவும் பதத்தில் இருக்கும். மராத்தியர் ஸ்ரீகண்டு என்ற இனிப்புக்கு எடுக்கும் ‘சக்கா’வும் இதே பண்டம்தான்.

> செறிதயிர்: அறிவியல் நோக்கில் பொருத்தம்.

இது நல்ல சொல், ஆனால் இன்னும் பெரிய வட்டத்துக்கு உரியது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், புளித்த பால் பொருள்களுக்கு வகுத்த தரவிதியில் ‘செறிவாக்கியவை’ என்று ஒரு வகையே இருக்கிறது. சாதாரணப் புளித்த பாலில் புரதம் குறைந்தது 2.7 விழுக்காடு இருக்க வேண்டும், செறிவாக்கியதில் 5.6. ஆனால் அந்தச் செறிவை உறையூற்றும் முன்பே ஏற்றினாலும் சரி, பின்னால் ஏற்றினாலும் சரி. வடித்த கிரேக்கத் தயிரும் அரபு நாட்டு லப்னேயும் அந்த வகைக்குள் வருகின்றன. ஆகவே செறிதயிரை வகைப்பெயராக வைத்துக்கொள்வோம். வடித்து எடுத்ததற்குத் தனிச்சொல் வேண்டும்.

> குறுந்தொகை 167-இல் ‘முளிதயிர் பிசைந்த’ என்று வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

படித்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முளிதயிர் என்பதற்கு முற்றிய தயிர் என்றே பொருள் சொல்கிறார்கள். துணியில் கட்டி நீரை இறக்கியதற்கான குறிப்பு அங்கே இல்லை. இல்லாத வேலையைச் சங்கப் பாட்டின்மீது ஏற்றிச் சொல்வது அந்தப் பாட்டுக்கும் நியாயமில்லை. அதன் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். முளிதயிர் போலவே வடிதயிரும் வினைத்தொகை. அதனால்தான் நடுவில் ஒற்று மிகாது. ‘வடித்தயிர்’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், திருத்திக்கொள்ளுங்கள்.

> வடிகஞ்சி என்றால் வடிந்து வெளியே போன கஞ்சி. அப்படியானால் வடிதயிர் என்பது வெளியே போன தண்ணீரைக் குறிக்காதா?

இந்த இழையில் வந்ததிலேயே கூர்மையான கேள்வி. வடிகஞ்சியில் வடிந்து போவது கஞ்சி, எனவே அந்தப் பெயர் போவதைக் குறிக்கிறது. இங்கே துணியில் தங்குவதுதான் தயிர். கீழே இறங்குவதை யாரும் தயிர் என்று சொல்லமாட்டார்கள். எது என்பதைப் பின்னால் நிற்கும் பெயர் காட்டிவிடுகிறது. அதோடு, சோறு வடிக்கிற வீட்டில் ‘வடி’ என்ற சொல்லுக்கு விளக்கமே வேண்டாம். செய்முறையில் ‘தயிரை வடியவிடுங்கள்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் வடிதயிர் என்றால் படிப்பவர் தடுக்காமல் போவார். என் வாக்கு இதற்கே.

இனித் தொடுகறி. ‘வெள்ளரிப் பச்சடி’ என்று முடித்துவிடலாம் என்றவர்களுக்கு: உறவு உண்டு, ஆள் வேறு. நம் பச்சடி கொஞ்சம் இளக்கமாக இருக்கும், கடுகு தாளிப்போம். சட்சீகியில் தாளிப்பே கிடையாது. உப்போடு நசுக்கிய பச்சைப் பூண்டு, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். துருவிய வெள்ளரியில் உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒட்டப் பிழிய வேண்டும். வெள்ளரியில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர். பிழியாமல் போட்டால் இரவெல்லாம் வடித்ததெல்லாம் வீண். இதைத் துருக்கியர் ‘ஜாஜிக்’ என்று நீர்க்கவே செய்கிறார்கள். கிரேக்கப் பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. சைப்ரஸில் புதினா சேர்த்து ‘தலதூரி’ என்கிறார்கள். ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால் பெயர்களை ஒலிபெயர்ப்பதே மரியாதை. எழுத்துக்கூட்டலில் மட்டும் ‘சாட்சிகி’ வேண்டாம், சாட்சி நினைவுக்கு வருகிறது. ‘ட்’ நம் சொல்லுக்கு முதலில் வராது. கிரேக்கர் நடு அசையை அழுத்துவதால் ‘சட்சீகி’ நன்றாகப் பொருந்துகிறது. முதல் முறை வரும்போது மட்டும் ‘சட்சீகி என்ற வெள்ளரித் தொடுகறி’ என்று எழுதினால் போதும்.

சட்சீகியில் சிலர் சேர்க்கும் டில் கீரைக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. அது சதகுப்பை. நாட்டுமருந்துக் கடையில் அதன் விதை அந்தப் பெயரில்தான் கிடைக்கிறது.

மிச்சம் ஒன்று. துணியிலிருந்து இறங்கும் நீரைத் ‘தயிர் வடிநீர்’ என்று எழுதியிருக்கிறேன். பாலைத் திரித்துப் பனீர் எடுக்கும்போது பிரியும் நீருக்கும் ‘வடிநீர்’ என்றே சொல்லலாமா, அல்லது ‘தெளிவு’ என்று முடியும் சொல் வேண்டுமா? பால் பண்ணையில் வேலை செய்பவர்கள் நம் குழுவில் இருக்கிறீர்கள். அங்கே நாள்தோறும் எந்தச் சொல் புழங்குகிறது என்று எழுதுங்கள், அதை வைத்தே முடிவு செய்வோம்.