பர்பன் பீப்பாய் இம்பீரியல் ஸ்டவுட்: அந்தத் தேங்காய் வாசம் உங்களுக்கு எப்போது வந்தது?

ஈசூன்வாசி

கூஸ் ஐலண்ட் பர்பன் கவுண்டி, அதாவது பர்பன் விஸ்கி வைத்து எடுத்த பீப்பாயில் ஊறிய கெட்டியான கருப்பு பீர் (இம்பீரியல் ஸ்டவுட்), 500 மில்லி, ஆல்கஹால் 14 சதவீதத்துக்கு மேல். அறிமுகம் தேவையில்லை, இங்கே எல்லாருக்கும் தெரிந்த சரக்குதான். மண்டையைக் குடைவது ஒரே விஷயம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிய கிளாஸில் கருகிய காப்பிக் கசப்பும் சாராய நெடியும் மட்டும்தான். அதே கிளாஸ் மேசையில் கிடந்து, வெளியே வியர்த்த தண்ணீர் எல்லாம் கோஸ்டரில் வடிந்த பிறகு மூக்கருகே கொண்டுபோனால் தேங்காய்! துருவிய தேங்காயை நெய்யில் வதக்கும்போது வருமே, அந்த வாசம். அதன் பின்னால் வெனிலா, கடைசியில் கருப்பட்டி. லேபிளில் தேங்காய் என்று ஒரு வார்த்தை கிடையாது. உங்களுக்கு இது எந்தக் கட்டத்தில் வந்தது?

கருப்புநுரை

தேங்காயை யாரும் உள்ளே போடவில்லை, பீப்பாய்ப் பலகை கொடுத்தது. அமெரிக்கச் சட்டப்படி பர்பனை உட்புறம் கருக்கிய புது ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை வைத்து எடுத்த பீப்பாய் மறுபடி பர்பனுக்கு ஆகாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்கள் ஸ்டவுட் காய்ச்சுகிறவர்கள் கைக்கு வருவது இப்படித்தான். அமெரிக்க வெள்ளை ஓக்கில் லாக்டோன் என்ற வாசப்பொருள் அதிகம், தேங்காய் வாசம் அதனுடையது. பலகையைச் சுடும்போது மரத்திலுள்ள லிக்னின் உடைந்து, வெனிலா வாசம் தரும் வெனிலின் பிறக்கிறது. பலகைக்குள் ஊறிக் கிடந்த பர்பனும் மெல்ல ஸ்டவுட்டில் இறங்குகிறது. ஆல்கஹால் ஓரிரு சதவீதம் ஏறுவதற்கு அதுதான் காரணம்.

4 டிகிரியில் இந்த வாசங்கள் கிளாஸை விட்டுக் கிளம்புவதே இல்லை. குளிரில் இனிப்பும் அடங்கிவிடும், வறுத்த பார்லியின் கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் முதலில் குடித்தது அதைத்தான்.

10லிருந்து 13 டிகிரி வரை இதற்கு ஏற்ற சூடு. நம்ம ஊரில், ஏர்கான் இல்லாத ஹாலில் ஊற்றி வைத்த கிளாஸ் கால் மணி நேரத்தில் அங்கே வந்துவிடும். 24 டிகிரி ஏர்கான் அறையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். மூடிய பாட்டிலாக வெளியே வைத்தால் இதைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் சிங்கப்பூரில் உண்மையான தொல்லை குளிர் இல்லை, அதற்கு அப்புறம் வருவது. 18 டிகிரி தாண்டினால் சாராய நெடி எல்லாவற்றையும் அமுக்கிவிடும், கடைசி வாய் பாகு மாதிரி கொழகொழவென்று இருக்கும். 250 மில்லியை ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். 100, 120 மில்லி ஊற்றிவிட்டு பாட்டிலைத் திரும்ப ஃபிரிட்ஜில் வையுங்கள். வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் வேண்டும். வாய் அகன்ற பைன்ட் கிளாஸில் வாசம் தங்காது.

தேக்கா மணி

சூடு சூடு என்று அதையே சொல்கிறீர்கள். என்னை உறுத்துவது வேறு பாட்டில். கடை பெயர் வேண்டாம். பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள், கழுத்தில் சிவப்பு மெழுகு, லேபிள் வெளுத்திருந்தது. மூடியைத் திறந்ததும் காற்று வெளியேறும் சத்தமே இல்லை. ஊற்றினதும் மேசை முழுக்க சோயா சாஸ் வாசம். 4 டிகிரியிலும் சோயா, 12 டிகிரியிலும் சோயா, குளிர் முழுக்க விட்ட பிறகும் சோயா. பக்கத்தில் இருந்தவர் "யார் கோழிச்சோறு வாங்கிட்டு வந்தது?" என்று திரும்பிப் பார்த்தார். தேங்காயும் இல்லை, வெனிலாவும் இல்லை. அந்தப் பாட்டிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. ஊற்றும் நேரத்தை விட, அதற்கு முன்னால் அது எங்கே கிடந்தது என்பதுதான் முக்கியம்.

பொங்கோல் கவி

மணி அண்ணே சொல்வது சரி, ஆனால் சோயா என்றாலே கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. செத்த ஈஸ்ட் உடைந்து கரையும்போது இறைச்சிச் சாறு மாதிரி ஒரு வாசம் வரும். நல்ல நிலையில் நாலைந்து வருஷம் கிடந்த ஸ்டவுட்டிலும் அடியில் கொஞ்சம் சோயா இருக்கும். மேலே திராட்சை வற்றல், பேரீச்சை, சாக்லேட் இருந்தால் அது முதிர்ச்சிதான். சோயா மட்டும் தனியாக, கூடவே நனைந்த அட்டைப்பெட்டி வாசமும் வந்தால் ஆக்ஸிஜன் பட்டு வெயிலில் வெந்த பாட்டில்.

புளிப்பு முற்றிலும் வேறு கதை. கூஸ் ஐலண்டின் 2015 பாட்டில்கள் சிலவற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளித்துவிட்டது. நிறுவனமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அடுத்த வருஷத்திலிருந்து பாஸ்டரைஸ் செய்ய, அதாவது சூடாக்கிக் கிருமியைக் கொல்ல ஆரம்பித்தார்கள். அப்படிப் புளித்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டவுட்டின் கெட்டித்தன்மை போய்த் தண்ணீராக இருக்கும், கன்னத்தின் உட்பக்கம் கூசும், சில நேரம் திறந்தவுடன் நுரை பொங்கி வழியும். பீப்பாய் மரத்தின் துவர்ப்பையும் சிலர் புளிப்பு என்று நினைக்கிறார்கள். துவர்ப்பு ஈறைப் பிடிக்கும், புளிப்பு எச்சில் ஊற வைக்கும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் பாதி பாட்டில் இப்படித்தான் வீணாகிறது. வீட்டு பாம் ஷெல்ட்டரில், அந்தப் பாதுகாப்பு அறையில், அடுக்கி வைக்காதீர்கள். இருட்டு சரி, ஆனால் நாலு பக்கமும் கான்கிரீட், காற்றோட்டம் இல்லை, வருஷம் முழுக்க 29, 30 டிகிரி. பத்து டிகிரி ஏறினால் பழசாகும் வேகம் இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. அமெரிக்காவில் நிலவறையில் மூன்று வருஷம் தாங்குவது இங்கே அலமாரியில் ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். வைன் சில்லர் இருந்தால் 12 டிகிரி. இல்லாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். முதிர்ச்சி மெதுவாகும், கெடாது. வைன் மாதிரி படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்கையில் காற்றுப்படும் பரப்பு கூடும், வண்டலும் பக்கவாட்டில் ஒட்டி ஊற்றும்போது கலங்கும். மெழுகை நம்பி நீண்ட நாள் வைக்காதீர்கள், அது பெரும்பாலும் அழகுக்குத்தான். வாங்கும்போது பாட்டிலில் அடைத்த தேதியைப் பாருங்கள். அதற்கும் மேலே, கடைக்காரர் அதைக் குளிரில் வைத்திருந்தாரா என்று கேளுங்கள்.

ஜூரோங் சீனி

என்னுடையதில் நுரையே நிற்கவில்லை. பழுப்பாக ஒரு விரல் எழும்பியது, பத்து எண்ணுவதற்குள் ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் மிச்சம். காப்பிக்கடையில் ஏபிசி ஸ்டவுட் ஊற்றினால் இதைவிட அழகாக நிற்கிறது. இந்த விலைக்கு இதுதானா?

கருப்புநுரை

அது குறை இல்லை. ஆல்கஹால் கூடக் கூட நுரைச் சவ்வு பலவீனமாகும். மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்ததில் இயற்கையாக வந்த வாயுவும் போய்விடும். பிறகு சேர்ப்பதும் கொஞ்சம்தான், கூடச் சேர்த்தால் அந்தப் பட்டுத்தன்மை கெட்டுப்போகும்.

விலைக்கு வருவோம். 500 மில்லியில் 14 சதவீதம் என்றால் தூய ஆல்கஹால் 70 மில்லி. ஸ்டவுட்டுக்குக் கலால் வரி ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆக ஒரு பாட்டிலுக்கு வரியே 4 வெள்ளி 20 காசு. 330 மில்லி, 5 சதவீத பீர் கேனுக்கு இது ஒரு வெள்ளிகூட வராது. அதன் மேல் ஜிஎஸ்டி. மால்ட் (முளைகட்டிய பார்லி) செலவையும் சேர்க்க வேண்டும். பல மணி நேரம் கொதிக்க வைத்து வற்றவிட்டுத்தான் அந்த அடர்த்தி வருகிறது, நொதித்து முடிந்த பிறகும் சர்க்கரை நிறைய மிச்சம் நிற்கும். இம்பீரியல் என்ற வகையே 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ரஷ்ய அரசவைக்காகக் காய்ச்சிய கெட்டி போர்ட்டர் என்ற கருப்பு பீரிலிருந்து வந்தது. ஏபிசி நல்ல ஸ்டவுட், மறுக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு பாட்டிலில் 55 கிராம் ஆல்கஹால், அதாவது சாதாரண பீர் கேன் நாலுக்கும் மேல். நாலு பேருக்கு ஒரு பாட்டில், ஆளுக்கு 125 மில்லி. அன்றைக்கு யாரும் கார் எடுக்க வேண்டாம்.

செங்காங் செல்வி

எனக்கு மறக்காதது வாய் எரிந்தது. மட்டன் சுக்கா தட்டு நடுவில், நல்ல மிளகும் காய்ந்த மிளகாயும். ஒரு வாய் சுக்கா, ஒரு வாய் ஸ்டவுட். தொண்டையிலிருந்து காது வரை தீ! மிளகாய்க் காரம் எந்த நரம்பைத் தூண்டுகிறதோ, அதையே ஆல்கஹாலும் தூண்டும். 14 சதவீதத்தில் இரண்டும் சேர்ந்தால் வேறு எந்தச் சுவையும் தெரியாது. "காரத்துக்கு ஸ்டவுட் பிரமாதம்" என்று எழுதுகிறவர்கள் 5 சதவீத ஸ்டவுட்டை மனதில் வைத்து எழுதுகிறார்கள்.

குலாப் ஜாமூனும் சரிப்படாது. பாகு இனிப்புக்குப் பக்கத்தில் ஸ்டவுட் வெறும் கசப்பாகிவிடும். எடுபடுவது உப்பும் கொழுப்பும்தான். உப்பு போட்டு வறுத்த முந்திரி, ப்ளூ சீஸ், 70 சதவீத டார்க் சாக்லேட். கேலாங் சிராய் பக்கம் கிடைக்கும் குவே லாப்பிஸ் என்ற அடுக்குக் கேக் மெல்லிசாக ஒரு துண்டு. அதன் வெண்ணெயும் பட்டை, கிராம்பு வாசமும் ஓக்கோடு அப்படியே ஒட்டிக்கொள்கின்றன.

தேக்கா மணி

செல்வி, முந்திரிக்கு என் ஓட்டு. சுக்கா விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மிளகாய் இல்லாமல் மிளகு, சோம்பு மட்டும் போட்டுச் செய்தால் வறுத்த மால்ட்டோடு நன்றாகவே போகிறது. தயிர்ப் பச்சடி ஒரு கிண்ணம் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கவி, தேதி எங்கே அச்சடித்திருக்கும் என்று தேடியதில் பாதி பாட்டிலில் லேபிள் ஓரத்தில் இருந்தது, சிலவற்றில் வருஷம் மட்டும். மெழுகு போட்ட பாட்டிலைத் திறக்கிற முறையும் சொல்லுங்களேன். கத்தியால் சுரண்டினால் துகள் எல்லாம் கிளாஸில் விழுகிறது.

பொங்கோல் கவி

சுரண்டவே வேண்டாம் அண்ணே. மெழுகோடு சேர்த்தே ஓப்பனரை மூடியின் விளிம்பில் கொடுத்து அழுத்துங்கள், மெழுகு மூடியோடு உடைந்து வரும். ரொம்பத் தடிமனாக இருந்தால் மூடிக்குக் கீழே கத்தியால் ஒரு சுற்று கீறிவிட்டு அப்புறம் ஓப்பனர். வெந்நீரில் காட்டாதீர்கள், மெழுகு இளகுவதற்குள் கழுத்தில் இருக்கும் ஸ்டவுட் சூடாகிவிடும். திறந்ததும் ஈரத்துணியால் வாய்ப்பகுதியைத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள், கடைசி ஒரு விரல் அளவை வண்டலோடு பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

ஈசூன்வாசிக்கு: எனக்குத் தேங்காய் வந்தது 11 டிகிரியில், வெனிலாவுக்கு முன்னால். சமையல் தெர்மாமீட்டரை கிளாஸில் விட்டுப் பார்த்தது.