ஆசனூரில் நிற்கிறது வண்டி, தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அவசர உதவி தேவை

கரிசல்காட்டான் (பிற்பகல் 1.50)

வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வாங்கிய சின்ன பெட்ரோல் கார், 2004 மாடல், 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து அம்மாவோடு மைசூருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், நாளை காலை அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா. விடியற்காலை கிளம்பி மதுரை, திண்டுக்கல், கரூர், ஈரோடு வழியாக சத்தி வரை ஒரு குறையும் இல்லை. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு திம்பம் மலை ஏறினேன். 27 கொண்டை ஊசி வளைவும் ஏசி போடாமல்தான் ஏற்றினேன், வெப்ப முள் பாதியைத் தாண்டவில்லை.

மேலே வந்ததும் ஒரே மூடுபனி, சாரல். அம்மாவுக்குக் கால் விறைத்துப்போனதால் ஹீட்டரைப் போட்டேன், அவரும் காலை மடக்கி சீட்டில் வைத்துக்கொண்டார். ஒரு கால் மணி நேரம் இருக்கும், ஆசனூர் வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது, பானெட் ஓரமாக ஆவியும் வந்தது. உடனே அணைத்துவிட்டேன். யானை நடமாடும் ரோடு, அங்கே அதிக நேரம் நிற்கப் பயமாக இருந்தது, கொஞ்சம் ஆறவிட்டு மெதுவாக ஆசனூர் டீக்கடை வரை கொண்டுவந்து சேர்த்தேன்.

நான் பார்த்தவரை ஃபேன் சுற்றுகிறது, பெல்ட் அறவில்லை, வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே கண்ணில் படவில்லை. ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தது. ஊற்றி இரண்டு கிலோமீட்டர் போய்ப் பார்த்தேன், முள் மறுபடி ஏறியது, திரும்பி வந்துவிட்டேன்.

டீக்கடையில் ஒருவர் ஹெட் (எஞ்சினின் மேல் பாகம்) போய்விட்டது என்கிறார். சத்தியிலிருந்து ரிக்கவரி வண்டி வர 6,500 கேட்கிறார்கள். ஒரு வேன்காரர் 1,500 கொடுத்தால் கயிறு கட்டி சத்திக்கு இறக்கிவிடுகிறேன் என்கிறார். அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றி ஊற்றி சாம்ராஜ்நகர் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். ஊரிலிருந்து சுமார் 400 கி.மீ. தள்ளி நிற்கிறேன், இங்கே எனக்கு யாரையும் தெரியாது. என்ன செய்யட்டும்?

மேட்டுப்பாளையம் வண்டி (1.58)

முதலில் அந்தக் கயிறு யோசனையை விட்டுவிடுங்கள் சார், தயவுசெய்து. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் இருக்காது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். சமவெளியில் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டி இழுப்பது வேறு, திம்பத்தில் 27 வளைவு இறங்குவது வேறு. நான் மலை ரோட்டில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன், அம்மாவை உட்காரவைத்து அப்படி இறங்கவே கூடாது. இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டிதான்.

தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் வேண்டாம். எங்கே போகிறது என்று தெரியாமல் ஓட்டினால் இப்போது 200 ரூபாயில் முடிகிற வேலை ஹெட்டைக் கழற்றுகிற வேலையாகிவிடும்.

டீசல் புகை (2.04)

ஹெட் போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்ல முடியாது. நீங்களே பார்க்கலாம். எஞ்சின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், ஆயில் ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் குழகுழவென்று இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வழக்கமான கறுப்போ பழுப்போ என்றால் ஒரு கண்டம் தாண்டியாயிற்று. அடுத்து, நன்றாக ஆறின பிறகு ரேடியேட்டரை நிரப்பி மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுக்கச் சொல்லிவிட்டு வாய்க்குள் பாருங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது சாதாரணம். நிற்காமல் சோடா மாதிரி வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகட்டை, சந்தேகப்படலாம். சைலன்ஸரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலும் அப்படித்தான், ஆனால் அங்கே குளிர் என்பதால் முதல் சில நிமிடம் வருகிற புகையை நம்பாதீர்கள்.

சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, தொளதொளவென்று இருந்தால்தான் திறக்க வேண்டும். சூட்டோடு பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் ஹெட் வளைந்துவிடும்.

நெல்லை ரோடு (2.09)

அண்ணே, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ப்ளோயரையும் முழு வேகத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். எனக்குக் கயத்தாறு பக்கம் ஒரு தடவை இப்படித்தான் ஊர் வந்து சேர முடிந்தது.

பட்டறை 17 வருஷம் (2.13)

தம்பி, கரிசல்காட்டான், ஹீட்டரை மறுபடி போட்டுவிடாதீங்க. மற்ற வண்டிக்கு அது நல்ல யோசனைதான், உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் எழுதினதை இரண்டு தடவை படித்தேன். 27 வளைவு ஏறி முள் பாதியில் நிற்கிற வண்டிக்கு ரேடியேட்டர், ஃபேன், தண்ணீர் பம்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சமமான ரோட்டுக்கு வந்த பிறகு சூடாகியிருக்கிறது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று, நீங்கள் ஹீட்டர் போட்டீர்கள். பழைய வண்டி பலவற்றில் அந்த ஹீட்டர் லீவர் நீலத்தில், அதாவது குளிர்ப் பக்கம், இருக்கிற வரைக்கும் ஒரு வால்வு தண்ணீரை அடைத்தே வைத்திருக்கும். சிவப்புக்குத் தள்ளினால்தான் எஞ்சினின் சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டி ரேடியேட்டருக்குள், அதாவது ஹீட்டர் கோருக்குள், போகும். நம்ம ஊர்ப் பக்கம் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? வருஷக்கணக்காகச் சும்மா கிடந்து அது அரித்துப்போயிருக்கும். திறந்த உடனே ஓட்டை.

அம்மா உட்கார்ந்த பக்கம் ரப்பர் மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். முன் கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள். வண்டிக்கு அடியில் சொட்டாததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கரிசல்காட்டான் (2.24)

அண்ணே, நீங்கள் சொன்னதுதான். ரப்பர் மேட்டுக்குக் கீழே கார்ப்பெட் சொதசொதவென்று இருக்கிறது, பிழிந்தால் துரு நிறத்தில் தண்ணீர் வருகிறது. கண்ணாடியில் ஆவியும் பிடித்தது, வெளியே இருந்த பனியால் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். அம்மா காலைத் தூக்கி வைத்திருந்ததால் அவருக்கும் தெரியவில்லை.

டீசல் புகை சொன்னபடி ஆயில் பார்த்தேன், நிறம் மாறவில்லை. லீவரை நீலத்துக்குத் தள்ளிவிட்டேன். இனி அப்படியே ஓட்டலாமா?

பட்டறை 17 வருஷம் (2.31)

ஆயில் நன்றாக இருப்பதே பெரிய நிம்மதி. முள் ஏறினதும் அணைத்தீர்கள் பாருங்கள், அதுதான் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த வால்வை நம்பி ஓட்டாதீர்கள், இருபது வருஷப் பழசு, முழுசாக அடைக்கும் என்று சொல்ல முடியாது. ஹீட்டர் கோரைத் தனியே ஒதுக்கிவிடுவோம்.

எஞ்சின் ஆறட்டும். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவருக்குள் பெருவிரல் தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ் போகும். ஒன்றில் தண்ணீர் போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது. சுவர்ப்பக்கம் இரண்டின் கிளிப்பையும் தளர்த்திக் கழற்றுங்கள், கொஞ்சம் தண்ணீர் கொட்டும், பரவாயில்லை. இப்போது எஞ்சினிலிருந்து வருகிற இரண்டு முனையையும் ஒன்றோடு ஒன்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஹோஸ் நீளமாக இருந்தால் ஒன்றை வளைத்து மற்றதன் குழாய்க்கே மாட்டலாம், மடிந்து அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதே அளவில் ஒரு விரல் நீளத்துக்கு இரும்போ செம்போ குழாய்த்துண்டு கிடைத்தால் இரண்டு ஹோஸுக்குள்ளும் செருகி இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். போல்ட்டை வைத்து ஹோஸை அடைக்கச் சொல்கிறவர்களும் உண்டு, சில எஞ்சினுக்கு அந்த ஓட்டம் தேவைப்படும், அதனால் சேர்த்துவிடுவதுதான் எல்லா வண்டிக்கும் பாதுகாப்பு.

ஆசனூரில் சரக்கு வண்டிகள் நிற்கும். லாரி டிரைவர்களிடம் கேளுங்கள், கிளிப்பும் குழாய்த்துண்டும் அவர்கள் பெட்டியில் நிச்சயம் கிடக்கும்.

மேட்டுப்பாளையம் வண்டி (2.36)

சரியாகிவிட்டால் திரும்பி சத்திக்கு இறங்காமல் முன்னாலேயே போங்கள் சார். ஆசனூர் தாண்டினால் காரப்பள்ளம் சோதனைச்சாவடி, அப்புறம் புளிஞ்சூர், கர்நாடகா எல்லை, சாம்ராஜ்நகர் வரைக்கும் பெரிய ஏற்றம் கிடையாது. வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுங்கள். 2022இலிருந்து இந்த ரோட்டில் இரவுத் தடை இருக்கிறது, நேரமானால் விடமாட்டார்கள். காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை ரோட்டோரம் நிற்கும், அங்கே மட்டும் வண்டி சூடானாலும் இறங்கிப் பானெட்டைத் திறக்காதீர்கள். அம்மாவை மைசூர் பஸ்ஸில் முன்னால் அனுப்பிவிட்டாலும் நல்லது.

கரிசல்காட்டான் (2.40)

அம்மா என்னைத் தனியாக விட்டுப் போகமாட்டேன் என்கிறார். சரி, வேலையைப் பார்க்கிறேன்.

பட்டறை 17 வருஷம் (2.47)

ஒன்று விட்டுவிட்டேன், முக்கியம். நீங்கள் முதலில் தண்ணீர் ஊற்றி ஓட்டியபோது மறுபடி சூடானதற்குப் பாதிக் காரணம் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றாக இருக்கும். அதனால் ஹோஸை மாட்டிய பிறகு வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்த மாதிரி நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், காற்று குமிழியாக வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்று, ஃபேன் ஒரு சுற்று ஓடி நின்ற பிறகு எஞ்சினை அணைத்து மூடியைப் போடுங்கள். ஹோஸ் சூடான பிறகு கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

மூடியின் உள்பக்க ரப்பரையும் பாருங்கள். அது நம் குக்கர் வெயிட் மாதிரி, அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். நீங்கள் நிற்கிற உயரத்தில் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் 97க்குள்ளேயே கொதிக்க ஆரம்பித்துவிடும்.

கரிசல்காட்டான் (மாலை 4.22)

முடிந்தது அண்ணே. கரூர் லாரி டிரைவர் ஒருவர் இரும்புக் குழாய்த்துண்டும் இரண்டு கிளிப்பும் கொடுத்து, கூடவே நின்று மாட்டியும் விட்டார். காசு வாங்கவே இல்லை. காற்று எடுக்கத்தான் நேரமானது, கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் இன்னும் உள்ளே போனது. மூடி ரப்பரில் கீறல் இருக்கிறது, ஆனால் வேறு மூடி இங்கே இல்லை. 15 நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டேன், முள் பாதியிலேயே நிற்கிறது. குமிழி இல்லை, வெள்ளைப் புகை இல்லை. கிளம்புகிறேன்.

பட்டறை 17 வருஷம் (4.25)

அறுபதுக்கு மேல் போக வேண்டாம். காடு தாண்டினதும் ஒரு தடவை நிறுத்தி அந்த இரண்டு கிளிப்பையும் ஒரு திருகு இறுக்குங்கள், ரப்பர் சூடானதும் கொஞ்சம் இளகும். ஐந்து லிட்டர் தண்ணீர் உள்ளே இருக்கட்டும்.

கரிசல்காட்டான் (இரவு 8.50)

மைசூர் வந்து சேர்ந்துவிட்டோம். புளிஞ்சூர் தாண்டிக் கிளிப்பை இறுக்கினேன், சாம்ராஜ்நகரில் ஒரு மூடி வாங்கி மாற்றினேன். வழியில் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அம்மா உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், பட்டறை அண்ணனை மட்டும் இரண்டு தடவை.

கரிசல்காட்டான் (12 நாள் கழித்து)

ஊருக்கு வந்து ஹீட்டர் கோரைக் கழற்றியாயிற்று. பாதிக் குழாய் வெள்ளை உப்புப் படிந்து அடைத்திருக்கிறது, கீழ் ஓரத்தில் இரண்டு இடத்தில் துளை. அப்பா இருந்தவரைக்கும் கூலன்ட் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு இந்த ஆறு வருஷமாக நான் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூன்று தடவை கழுவி, ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதியாக ஊற்றியிருக்கிறேன். புது கோர் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். அதுவரை அந்தக் குழாய்த்துண்டோடுதான் ஓடுகிறது. ஒரு சந்தேகம்: ஹீட்டர் எங்களுக்குத் தேவையே இல்லை, இப்படியே விட்டுவிடலாமா?

பட்டறை 17 வருஷம்

ஓட்டுவதற்குத் தடை இல்லை தம்பி, ஆனால் கோர் வந்ததும் மாட்டிவிடுங்கள். மலையில் மழை பெய்யும்போது உள்கண்ணாடியில் பிடிக்கிற ஆவியை எடுக்க ஹீட்டர் நன்றாக உதவும். அக்கா வீட்டுக்கு இனி அடிக்கடி போவீர்கள் அல்லவா. மாட்டிய பிறகு மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் லீவரை சிவப்பில் வைத்து ஓட்டுங்கள், கூலன்ட் அதற்குள்ளும் போய் வரட்டும்.