நீட் 438: ஒரு வருஷம் ட்ராப் போடலாமா, பிஎஸ்சி சேர்ந்துகொண்டே எழுதலாமா?

பாறைக்காரன்:
பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பத்து வரை தமிழ் மீடியம். நீட்டில் 438: உயிரியல் 288, வேதியியல் 100, இயற்பியல் 50. கல்லூரியில் சேராமல் ஒரு வருஷம் ட்ராப் போட்டு, வீட்டிலிருந்து இன்னொரு தடவை எழுதுகிறேன் என்கிறாள். பிஎஸ்சி சேர்ந்துகொண்டே எழுதட்டும் என்கிறார் அவள் அப்பா. எது சரிங்க?

கஞ்சிக்கோடு டீச்சர்:
மொத்த மார்க்கை வைத்து முடிவு பண்ணாதீங்க. முழு மார்க்குக்கு உயிரியலில் மிச்சம் 72 தான், வேதியியலில் 80, இயற்பியலில் 130. ஏறவேண்டிய இடம் அங்கேதான் இருக்கு. விடைகளை நிரப்பிய ஓஎம்ஆர் தாளின் ஸ்கேனையும் இறுதி விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து, இயற்பியல் 45 கேள்வியையும் பிரிக்கச் சொல்லுங்க: தெரியாமல் விட்டது, குத்துமதிப்பாய் நிரப்பியது, கணக்கில் சறுக்கியது, கேள்வியைத் தப்பாய்ப் படித்தது. சறுக்கலும் தப்பாய்ப் படித்ததும்தான் அதிகம் என்றால் ட்ராப் வேண்டியதில்லை, அது பயிற்சித் தேர்வு எழுதிச் சரிசெய்யும் வேலை. தெரியாததுதான் அதிகம் என்றால் ஒரு வருஷம் தேவை.

வேலந்தாவளம்:
டீச்சர், அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ட்ராப் போடுகிற பிள்ளைகள் பலரும் தெரிந்ததையே திரும்பப் படிக்கிறாங்க. உயிரியல் புத்தகத்தை நாலாவது முறை புரட்டினால் நாள் முழுக்கப் படித்த நிறைவு வரும், மார்க் வராது. இயற்பியல் 50 என்றால் அடிப்படையே ஆடுது. வீட்டில் தனியே உட்கார்ந்தால் அது சரியாகுமா? பிஎஸ்சி பிசிக்ஸில் சேர்ந்தால் அந்தப் பாடத்தையாவது நடத்துவாங்க, வருஷமும் வீணாகாது.

கஞ்சிக்கோடு டீச்சர்:
நடத்துவாங்கதான், நீட் கேட்கிற முறையில் நடத்தமாட்டாங்க. நீட்டில் 180 நிமிஷத்துக்கு 180 கேள்வி. உயிரியல் 90ஐ 50 நிமிஷத்தில் முடித்தால்தான் இயற்பியலுக்கு 70 நிமிஷம் கிடைக்கும். அந்த வேகத்தைக் கல்லூரி வகுப்பு தராது. 2024 முதல் கேரளத்தில் நாலு வருஷ டிகிரி. செமஸ்டருக்கு செமஸ்டர் இன்டர்னல், அசைன்மென்ட், அட்டெண்டன்ஸ் எல்லாம் உண்டு. இரண்டாம் செமஸ்டரின் கடைசி வாரங்களும் நீட்டுக்கான கடைசித் திருப்புதலும் ஒன்றாக வந்து விழும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்து அந்த நாட்களைக் கடக்க முடியாது.

நல்லேப்பிள்ளி:
ட்ராப்போ பிஎஸ்சியோ, எல்லையோரப் பிள்ளைகள் மார்க்கை விடக் காகிதத்தில்தான் அதிகம் தோற்கிறாங்க. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கேரள அரசின் தொழிற்படிப்புச் சேர்க்கைக்கான கீம் விண்ணப்பத்தை ஒவ்வொரு வருஷமும் புதிதாய்ப் போடணும். நீட் ரேங்க் எவ்வளவு நன்றாயிருந்தாலும், கீமில் பேர் இல்லாவிட்டால் கேரள ஒதுக்கீட்டு எம்பிபிஎஸ் பட்டியலில் வரமாட்டாள். அந்த விண்ணப்பம் நீட் எழுதுமுன்பே தொடங்கிவிடும், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கிறவங்கதான் கோட்டைவிடுகிறாங்க. ஓபிசி என்றால், வசதியான பிரிவில் இல்லை என்று காட்டும் நான்-கிரீமிலேயர் சான்றிதழைப் புது நிதியாண்டில் மறுபடி வாங்கணும். கேட்கும்போது மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என்று இரண்டும் கேளுங்க.

தமிழில் கேள்வித்தாள் வேண்டுமா என்பதையும் முதலிலேயே முடிவு பண்ணணும். தமிழ்த் தாள் கேரளத்து சென்டர்களில் கிடையாது, தமிழ் வேண்டுமென்றால் தமிழ்நாட்டு சென்டரை எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்க. அந்தத் தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். இன்னொன்று: தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நேரத்தில் இருப்பிடம் காட்டி இரண்டு ஒதுக்கீட்டிலும் போட்டுப் பார்க்கவே கூடாது. அட்மிஷனே ரத்தாகும்.

பாறைக்காரன்:
டீச்சர் சொன்னபடி பிரித்துப் பார்த்தோம். இயற்பியலில் 16 சரி, 14 தப்பு, 15 விட்டது. அந்த 14இல் 9 குத்துமதிப்பு, 3 கணக்குச் சறுக்கல், 2 தப்பாய்ப் படித்தது. கண்டபடி நிரப்பியதுதான் கெடுத்தது என்று அவள் அப்பா திட்டுகிறார்.

கஞ்சிக்கோடு டீச்சர்:
திட்ட வேண்டாங்க. நாலு விடையில் கண்ணை மூடி ஒன்றை நிரப்பினால் நாலில் ஒரு தடவை சரியாகி +4, மூன்று தடவை தப்பாகி -1. சராசரிக்குக் கேள்விக்குக் கால் மார்க் லாபமே. ஒரு விடையைத் தள்ளிவிட்டு மிச்ச மூன்றில் ஒன்றை எடுத்தால் முக்கால் மார்க்குக்குக் கொஞ்சம் குறைவாய் வரும். விட்ட 15ம் குத்திய 9ம் சேர்ந்து 24 கேள்வி தெரியாமல் போனதுதான் சேதம்.

வேலந்தாவளம்:
45இல் 24 தெரியாது என்றால் பாதிப் பாடம் இல்லை. நான் சொன்னதும் அதுதானே!

கஞ்சிக்கோடு டீச்சர்:
அதனால்தான் முழு வருஷம் கேட்கிறேன். பாதிப் பாடத்தைக் கல்லூரி விட்டு வந்த ராத்திரி நேரத்தில் கட்ட முடியாது. முதல் 15 நாள் வெக்டர், எளிய வகைநுண்கணிதம், வரைபடம் படிப்பது மட்டும். பிறகு இயக்கவியல், விசை, வேலை-ஆற்றல், சுழற்சி. ஒரு அத்தியாயத்துக்கு 60 கணக்கு, கையால். வீடியோவில் ஒருத்தர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டுவது கணக்கில் சேராது. உயிரியலுக்கு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் கூடாது.

வேலந்தாவளம்:
அப்படியென்றால் ஒரு நிபந்தனை. பிஎஸ்சி சீட்டை இப்போதே போட்டுவைக்கட்டும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் நடைமுறைச் செலவுக்குக் கொஞ்சம் போகக் கட்டணம் முழுதும் திரும்பும். கடைசி நாளுக்கு முந்தின அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதம், கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, பிறகு ஒன்றுமில்லை. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது. விலகும் நாள் வரை அவள் வெக்டரும் இயக்கவியலும் முடித்தாளா என்று பார்த்தால் ட்ராப் சரிவருமா என்று தெரிந்துவிடும்.

கஞ்சிக்கோடு டீச்சர்:
இதை ஒத்துக்கிறேன். கோச்சிங்கில் சேர்த்தால் மட்டும் மொத்தப் பணத்தையும் ஒரே தவணையாய்க் கட்டாதீங்க. லட்சம் என்று சொன்னால் 18 சதம் ஜிஎஸ்டி தனியா என்று கேளுங்க. இடையில் நின்றால் எவ்வளவு திருப்புவாங்க என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க.

பாறைக்காரன்:
நன்றிங்க. திங்கட்கிழமை கல்லூரியில் போட்டுவிடுகிறோம். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்தாச்சு. வெக்டரை அவள் இன்றைக்கே எடுத்துவிட்டாள்.