அடைத்த ஓடையைத் திறந்த பிறகு தண்ணீரில் என்ன பார்த்தீர்கள்?

பெகு பக்கத்து விவசாயி:
எங்கள் வயல் பர்மாவில் சித்தாங் ஆற்றுப் பக்கம். ஆற்றிலிருந்து எங்கள் பள்ளத்துக்கு ஓர் ஓடை இருந்தது. வெள்ளம் நாற்றை அடித்துக்கொண்டு போகிறதென்று அப்பா காலத்தில் அதன் வாயை மண் போட்டு மூடிவிட்டார்கள். அப்புறம் அந்தப் பள்ளம் மழைத்தண்ணீர் தேங்கும் குட்டைதான். பாசி, நாற்றம், கோடையில் வெடித்த மண். இரண்டு வருஷத்துக்கு முன் சித்தப்பா, "நாற்றங்காலை மேட்டுக்கு மாத்திட்டு வாயைத் திறந்து விடுடா" என்றார். வாசோ மாதத்துக்குள், அதாவது ஜூன்-ஜூலைக்குள், வெட்டிவிட்டோம்.

முதல் இரண்டு நாள் வெறும் கலங்கல். ஆறாம் நாள் ஒரு செம்பு மொண்டு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினேன். தண்ணீர் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துள்ளியது. ரவை அளவுகூட இல்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்புக் கண். அண்ணன் மகள் 'நீர்த்தெள்ளு' என்றாள். அதே நேரம் ஆற்றில் மொண்ட தண்ணீரைப் பார்த்தேன், இரண்டோ மூன்றோதான் இருந்தன. அப்படியானால் இவ்வளவும் எங்கிருந்து வந்தன?

மண்ணிலிருந்தாம். அதன் முட்டைகள் காய்ந்த சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடந்து, நனைந்ததும் பொரியுமாம். நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் ஏறாத மூலையிலிருந்து ஒரு காய்ந்த கட்டியை எடுத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் போட்டு, துணியால் வாய் கட்டி ஜன்னலில் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் பாட்டிலில் துள்ளல்!

பிறகு சேற்றில் ரத்தப்புழு வந்தது. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் உள்ள அதே சத்துதான், அதனால் காற்றோட்டம் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்கிறது. கூனி இறால் மட்டும் மண்ணில் முளைக்கவில்லை, ஓடை வழியாக ஏறி வந்தது. ஒரு மாதம் போல ஆனதும் கோரைத் தண்டுகளில் தட்டான் உரித்துப் போட்ட கூடுகள். ஒரே தண்டில் பதினொன்று எண்ணினேன்.

தண்ணீர் வடியும்போது ஓடை வாயில் மீன் குஞ்சுகள் எதிர்நீச்சலில் வரிசை கட்டி நின்றன. பள்ளத்திலிருந்து இறங்கி வருவதைத் தின்னத்தான்.

ரங்கூன் வாசி:
கொசு பெருகவில்லையா?

பெகு பக்கத்து விவசாயி:
மூடியிருந்த குட்டையில்தான் அதிகம் இருந்தது. இப்போது கொசுப்புழுவைத் தின்ன தட்டான் புழுவும் மீனும் இருக்கின்றன. ஒரே ஒரு முறை, மேட்டு வயல்காரர் பூச்சி மருந்து அடித்த மறுநாள் மழை பெய்து, அது அப்படியே பள்ளத்தில் இறங்கியது. தெள்ளெல்லாம் செத்துத் தட்டு வெறுமையாகிவிட்டது. அந்த வாரம் கொசு வந்தது.

தத்தோன் அண்ணன்:
எல்லாருக்கும் இப்படி அமையாது தம்பி. நாங்களும் திறந்தோம், தங்க நத்தை ஏறிவிட்டது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு அது. காலையில் போனால் வரப்புக் கல்லிலும் தண்டிலும் ரோஸ் நிற முட்டைக் கொத்து, இளநாற்றை நறுக்கி எடுத்தாற்போல் காணோம். மூன்று முறை நட்டோம். என் வீட்டுக்காரி இன்னும் அந்த ஓடையைப் பற்றிப் பேச விடுவதில்லை.

மௌல்மேன் தங்கை:
அண்ணன் சொல்வதும் சரிதான். ஆனாலும் தெள்ளு விஷயம் நம் ஊரோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றை இரண்டு பக்கமும் கரை போட்டு இறுக்கிவிட்டார்கள். அங்கே யோலோ பைபாஸ் என்ற வெள்ள வடிகாலில், அறுவடை முடிந்த நெல்வயலில் 2012இல் தண்ணீர் நிறுத்தி சால்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். தெள்ளைத் தின்று கிடுகிடுவென்று வளர்ந்தன. ஓடும் ஆற்றில் தெள்ளு பெருகுவதற்குள் அடித்துப் போய்விடும். வயலில் தண்ணீர் இரண்டு மூன்று வாரம் ஆழமில்லாமல் நின்றால் போதும். அதனால் வாயைத் திறந்தால் மட்டும் ஆகாது, தண்ணீர் எத்தனை நாள் தங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெகு பக்கத்து விவசாயி:
எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. தத்தோன் அண்ணனுக்கு ஒன்று: ஓடை வாயில் மூங்கில் தட்டி வையுங்கள், பெரிய நத்தை நிற்கும், பொடிசு நுழையத்தான் செய்யும். வயலுக்குள் அங்கங்கே குச்சி நட்டால் அதில் ஏறி முட்டையிடும். தினம் காலையில் கொத்தைச் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளிவிடுங்கள், மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலும் பொரிக்காது. கையில் பிசுபிசுவென்று ஒட்டும், சாம்பல் தேய்த்துக் கழுவினால் போகும்.