அந்த ஒற்றைப் பிரதி இப்போது யாரிடம்?

உப்புக்காற்று:
'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பிய பிரச்சினை தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். 2015 ஜனவரி, அதை எழுதிய பெருமாள்முருகன் எழுத்தை விட்டுவிட்டதாக முகநூலில் அறிவித்தாரே, அதற்கு அடுத்த வாரம். மண்டபம் ரயிலடிப் பக்கம் இருந்த புத்தகக் கடையில் அந்த நாவல் ஒரே பிரதி. கடைக்காரர் விற்க மாட்டார். "இத வித்துட்டா அடுத்து வர்றவுகளுக்கு என்னத்தக் குடுக்க? உக்காந்து படி தாயி" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார். புத்தகத்திலிருந்து பஸ் டிக்கெட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஒரு பெயர். யார் எதுவரை படித்தார்கள் என்ற கணக்கு. என்னுடையது பாம்பன் டிக்கெட். நாயகி பொன்னா திருவிழாவுக்குக் கிளம்புகிற இடத்தில் இருந்தேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் சித்தப்பா பழைய வினாத்தாள் கேட்டு உள்ளே வந்தார். புத்தகத்தை வாரப் பத்திரிகைக் கட்டுக்குள் செருகிவிட்டு நழுவினேன். கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நான் போகவே இல்லை.

பனங்கருக்கு:
டிக்கெட் இல்லைங்க, ஓலை நறுக்கு. எனக்கு அதைத்தான் கொடுத்தார். ஆனால் ஒன்று: எழுதியவரே என் புத்தகங்களை விற்க வேண்டாம், நட்டத்தை நானே தருகிறேன் என்று பதிப்பகங்களிடம் சொன்ன பிறகு, அதை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டது என்ன நியாயம்? நேரிலேயே கேட்டேன். "நாமக்கல் கலெக்டர் ஆபீசுல நடந்த பேச்சுவார்த்தையில மனசோடயா கையெழுத்துப் போட்டாரு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உடன்பாடும் இல்லை, இன்றைக்கு வரை.

தொண்டி மாமா:
தம்பி, அவர் எங்கே விற்றார்? மேலே ஒழுங்காகப் படியுங்கள். அந்தப் பேச்சுவார்த்தை முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிடிக்கவில்லையா, புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்றது. அந்தச் செய்தியை வெட்டிக் கல்லாவில் ஒட்டியிருந்தார், பார்த்தேன். நான் போனது அந்த ஒரு தடவைதான்.
சரி, கடலோரத்தில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகமென்றால் பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தையுங்கள், உப்புக்காற்றில் துரு தாளைத் தின்றுவிடும். பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்தது, பச்சை கறையாகும். மாதம் ஒரு தடவை நிழலில் விரித்து வையுங்கள், வெயிலில் வேண்டாம்.

உப்புக்காற்று:
பூஞ்சை கிடக்கட்டும் மாமா. புதுப் பிரதி வாங்கி வைத்திருக்கிறேன், அந்த இடத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கடையைக் காலி செய்தபோது சரக்கை யார் எடுத்தார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள். பாம்பன் டிக்கெட் ஒன்று அதில் இருக்கும்.