கிரீன் வில்லான்னு ஒம்பது லட்சம் கூட கேக்காவ, குடுக்கலாமா?

பாளை_பையன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நான் சென்னைல வேலை பாக்கேன், அப்பாவும் அம்மாவும் மட்டும் பாளையங்கோட்டைல வாடகை வீட்ல இருக்காவ. அவங்களுக்கு சொந்தமா ஒண்ணு வாங்கிரலாம்னு பாத்துட்டு இருக்கோம். கேடிசி நகர் தாண்டி ஒரு கேட்டட் கம்யூனிட்டி, நாப்பது வில்லா, மூணு சென்ட்ல 1200 சதுர அடி வீடு, 62 லட்சம்னு சொல்லுதாங்க. அதே சைஸ் சாதா வீடு பக்கத்துலயே 53க்கு கிடைக்கு. கேட்டா இது கிரீன் ப்ராஜெக்ட் சார்னு ஒரு பிரவுச்சர நீட்டுதாங்க, அதுல 3 கிலோவாட் சோலார், மழைநீர் சேகரிப்பு, எஸ்டிபி (கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட்), ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) செங்கல், பார்க், இவி சார்ஜிங் பாயிண்ட்னு வரிசையா போட்டிருக்கு. அப்பாவுக்கு பார்க் பிடிச்சிருக்கு, அம்மாவுக்கு மெயின்டனன்ஸ் மாசம் 2500ன்னு கேட்டதுமே மூஞ்சி மாறிட்டு. இந்த ஒம்பது லட்சத்துக்கு உள்ளபடியே பிரயோஜனம் இருக்கா, இல்ல பச்சை பெயிண்ட் அடிச்சி விக்காங்களா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கொத்தனார்_மகன்:
தம்பி நான் சைட் இன்ஜினியர், ஒவ்வொண்ணா பிரிச்சி பாப்போம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டுல 2003ல இருந்தே எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம், அத ஸ்பெஷல்னு சொல்லி காசு வாங்கக்கூடாது. பார்க்கும் அப்படித்தான், இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ரெண்டரை ஏக்கருக்கு மேல இருந்தா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் ஓஎஸ்ஆர்னு, அதாவது பொது திறந்தவெளின்னு ஒதுக்கி உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதி குடுத்தே ஆவணும். அதுனால உங்க அப்பா பாத்த பார்க் சட்டப்படி விட்டதா, இல்ல அவங்க சொந்தமா விட்டதான்னு அப்ரூவல் பிளான்ல பாருங்க. ஃபிளை ஆஷ் கல்லும் நம்ம பக்கம் அதிசயம் இல்ல, தூத்துக்குடி தெர்மல் சாம்பல் இருக்கதால சுத்துவட்டாரத்துல நெறய பேரு அதுலதான் கட்டுதாங்க.

அப்ப மிச்சம் சோலாரும் எஸ்டிபியும்தான். 3 கிலோவாட் சோலார் இன்னைக்கு ரெண்டு லட்சம் சொச்சம் ஆவும், அதுல மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல 78,000 மானியம் வந்துரும். அந்த மானியம் கரண்ட் கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவுக பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் போவும், அதுனால பில்டர் மாட்டுதேன்னு சொன்னா யார் பேர்ல அப்ளை பண்ணுதீங்கன்னு மொதல்லயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. இன்னொண்ணு, நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு சுமார் 4 யூனிட் குடுக்கும், மூணுக்கு 12, ரெண்டு மாச பில்லுக்கு கணக்கு போட்டா 700 யூனிட். வயசான ரெண்டு பேர் ஏசி இல்லாம இருந்தா ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட் ஓடுனாலே பெருசு, அதுல 100 யூனிட் ஃப்ரீ, மீதிக்கு பில்லே ஆயிரத்துக்குள்ளதான் வரும், இதுக்கு எதுக்கு மூணு கிலோவாட்? நீங்க லீவுக்கு வந்து ரெண்டு ஏசி ஓட்டி 500 யூனிட்ட தாண்டுற வீடுன்னா கதையே வேற, ஸ்லாப் மாறி பில்லு எகிறும், அப்ப சோலார் சீக்கிரமா காச எடுத்துரும்.

ஒம்பது லட்சத்த லோன்ல போட்டா ஒம்பது பர்சென்ட்னு வச்சிக்கிட்டா மொத வருஷம் வட்டி மட்டும் எண்பதாயிரம் கிட்ட வருது, அத மறந்துராதீங்க.

ஆடிக்காத்து:
எஸ்டிபி பத்தி நான் சொல்லுதேன், வேற ஊர்ல அது இருக்க ஒரு கம்யூனிட்டில வாடகைக்கு இருந்தேன். மொத வருஷம் பாதி வீடு காலி, கழிவுத்தண்ணி போதுமான அளவு வரலன்னா உள்ள இருக்க பாக்டீரியா செத்துரும், அப்புறம் சாயங்காலம் ஜன்னல தொறக்க முடியாது அப்படி ஒரு நாத்தம். அதுக்குள்ள காத்து ஊதுற ப்ளோயர் ராவும் பகலும் ஓடணும், கரண்ட் பில் அசோசியேஷன் தலைல, அத பாக்க ஒரு ஆள் சம்பளம், சகதி அள்ள லாரி. பில்டர் சாவிய குடுத்துட்டு போனதும் செலவ மிச்சம் பிடிக்கேன்னு யாரோ ப்ளோயர ராத்திரி நிப்பாட்டிட்டாங்க, பெறவு மிஷினே சும்மா கெடந்து தண்ணி நேரா வெளிய போச்சி. நாப்பது வீட்டுக்கு எஸ்டிபி கட்டுறது பெருசு இல்ல, அத தொடர்ந்து ஓட்டுற செலவுதான் பெருசு. 2500 மெயின்டனன்ஸ்ல எஸ்டிபி கரண்ட் அடக்கமான்னு கேளுங்க, பொது மோட்டார், தெருவிளக்கு, எஸ்டிபிக்குன்னு அசோசியேஷன் பேர்ல சோலார் போட்டா கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு, அது போட்டிருக்காங்களான்னும் கேளுங்க. எனக்கென்னமோ வீட்டு மாடில போடுறத விட அங்க போடுறதுதான் உருப்படியான செலவுன்னு தோணும்.

தார்சா_வீடு:
யாருமே சூட்ட பத்தி பேசல பாத்தியளா! பாளை வெயில்ல வீடு குளிருதான்னு பாக்காம பேனல எண்ணிட்டு இருக்கோம். எங்க தாத்தா வீட்ல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சி மேல தட்டோடு பதிச்ச தளம், சித்திரைல மத்தியானம் தார்சால (முன்கூடத்துல) பாய் விரிச்சி படுத்தா ஃபேன் கூட மெதுவாத்தான் வைப்பாவ. இப்ப கட்டுற வீட்ல அஞ்சு இஞ்ச் கான்கிரீட் மட்டும் போட்டு மேல சிமெண்ட் பூசி விட்டுடுதாங்க, ராத்திரி பத்து மணிக்கு சீலிங்க தொட்டுப் பாருங்க, தோசைக்கல் மாதிரி இருக்கும். நீங்க சைட்டுக்கு மத்தியானம் மூணு மணிக்கு போங்க, காலைல கூப்பிடுவாங்க போவாதீங்க. மாதிரி வீட்ல ஏசிய ஆஃப் பண்ணச் சொல்லி மாடி ரூம்ல அரைமணி நேரம் உக்காருங்க, மேக்குப் பக்க சுவத்துல கைய வைங்க. ஆனி ஆடில காத்து மேக்க இருந்துதான் வரும் ஆனா சாயங்கால வெயிலும் அங்க இருந்துதான் அடிக்கும், அதுக்கு சன்ஷேட் நீட்டமா இருக்கா, ஒரு வேம்போ புங்கையோ வைக்க இடம் விட்டிருக்கானா, இதத்தான் பாக்கணும். பெரிய கண்ணாடி ஜன்னல் வச்சிட்டு கிரீன்னு சொன்னா சிரிப்புதான் வருது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளால பரப்புன எலிப்பொறி கட்டு இருக்குல்லா, செங்கல செங்குத்தா நிறுத்தி நடுவுல காத்து இடைவெளி விட்டு கட்டுறது, சாதா ஒம்பது இஞ்ச் சுவத்த விட கால்வாசி கல்லு மிச்சம், சூடும் உள்ள கம்மியாத்தான் வரும். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் அதக் கட்ட ஆள் கிடைக்கும், நம்ம பக்கம் கொத்தனாருட்ட சொன்னா ஒரு மாதிரி பாக்காங்க.

மேலக்கரை:
நீங்க எல்லாரும் பேசறத பாத்தா, சாதா வீட்ட வாங்கி சோலார் எல்லாம் நாமளே தனியா மாட்டிக்கலாம்ங்கற மாதிரி இருக்கு. பையன் சென்னைல, பெத்தவங்க ரெண்டு பேரும் வயசானவங்க, நெட் மீட்டருக்கு (சோலார் கரண்ட கணக்கு பண்ற மீட்டர்) ஈபி ஆபீஸ்க்கு யார் அலையிறது, வெயிலுக்கு கூல் பெயிண்ட் அடிக்க ஆள யார் தேடுறது? அதுக்கும் ஒரு விலை உண்டுல்லா. இன்னொண்ணு, கழிவுத்தண்ணி விஷயத்த பாக்கெட்ட மட்டும் வச்சி பாக்காதிய. எஸ்டிபி இல்லாத லேஅவுட்ல செப்டிக் டேங்க் லாரிக்காரன் எங்க கொண்டு போயி ஊத்துதான்னு யாருக்காச்சும் தெரியுமா? ஆத்தோரத்துல நெறய ஊரு சாக்கடை தாமிரபரணிலதான் கலக்கு, அந்த தண்ணியத்தான் நாமளும் குடிக்கோம், தூத்துக்குடிக்காரங்களும் குடிக்காங்க. ஒழுங்கா ஓட்டுற எஸ்டிபிக்கு மாசம் ஐநூறு கூட குடுக்கறது தப்பில்ல. ஒம்பது லட்சம்ங்கிறது கொள்ளைதான், அதுல சண்டையே இல்ல, பேரம் பேசுங்க.

பாளை_பையன்:
எல்லாருக்கும் நன்றி. மூணு மணிக்கு போயி பாக்கறது சூப்பர் ஐடியா, இந்த சனிக்கிழமை போறோம். இன்னொரு விஷயம், சைட்டுக்கு பின்னாடி ஒரு வாய்க்கா மாதிரி போவுது, பில்டர் ஆள் அது காஞ்ச ஓடைன்னு சொன்னாப்ல. 2023 வெள்ளத்துக்கு அங்க தண்ணி வந்துச்சான்னு கேட்டதுக்கு சரியா பதில் சொல்லல.

கொத்தனார்_மகன்:
இத மொதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி! 2023 டிசம்பர் 17, 18ல திருநெல்வேலி ஜங்ஷன்ல, கலெக்டர் ஆபீஸ்க்குள்ளயே தண்ணி நின்னுச்சி. ஓடைய ஒட்டி மண்ணடிச்சி மேடாக்கி கட்டுன வீட்டுக்கு எத்தன பேனல் மாட்டுனா என்ன. சர்வே நம்பர வாங்கி எஃப்எம்பி ஸ்கெட்ச்ச (நில அளவை வரைபடம்) ஆன்லைன்ல எடுங்க, விஏஓட்ட ஏ ரிஜிஸ்டர் (எந்த நிலம் என்ன வகைன்னு எழுதுன பதிவேடு) காட்டச் சொல்லி அந்த நம்பர் ஓடையா வாய்க்காலா குளமான்னு பாருங்க. பக்கத்துல டீக்கடையோ பலசரக்குக் கடையோ இருந்தா அன்னைக்கு தண்ணி எவ்வளவு ஒசரம் வந்துச்சின்னு சுவத்துல காட்டச் சொல்லுங்க. பெறவு ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர போட்டு தேடுங்க, பிரவுச்சர்ல சொன்னது இல்லன்னா ரேரால கேக்கலாம், கட்டடக் குறை அஞ்சு வருஷத்துக்குள்ள தெரிஞ்சா அவங்க செலவுலதான் சரி பண்ணணும், அதுனால பிரவுச்சர பத்திரமா வைங்க. சர்வே நம்பர இங்க பொதுவுல போடாதீங்க, எனக்கு தனியா மெசேஜ் அனுப்புங்க, நான் பாத்து சொல்லுதேன்.