பனை ஏறுபவர்களிடம் ஒரு சந்தேகம்: ஒரு நாள் பாளை சீவாமல் விட்டால் என்ன ஆகும்?

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மைத் தண்ணீரில் நிறுத்தினால் சைலம் வழியாக நீர் ஏறுவதைக் காட்டிவிடலாம், அதில் கஷ்டமே இல்லை.

இலையில் தயாராகும் சர்க்கரையைக் கொண்டுபோகும் புளோயம்தான் சிக்கல். மாமரம் என்றால் கிளையில் பட்டையை வளையமாக உரித்துவிட்டு, வெட்டுக்கு மேல்பக்கம் வீங்குவதைக் காட்டலாம். பனையில் சாற்றுக் குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால் அந்த வேலை நடக்காது. அதனால் பாளையை, அதாவது பனையின் பூங்கொத்தை, சீவினால் சொட்டும் பதநீரையே பாடமாக்கப் பார்க்கிறேன். ஓலையில் தயாராகும் சர்க்கரை அழுத்தத்தோடு பாளைக்கு வருகிறது, சீவிய வாயில் குழாய்கள் அடைத்துக்கொள்வதால் தினமும் மெல்லிசாக ஒரு வில்லை சீவியெடுக்க வேண்டியிருக்கிறது, இதுவரை சரி.

கேள்வி இதுதான்: ஒரு நாள் சீவாமல் விட்டால் கலயத்தில் எவ்வளவு குறைகிறது? மறுபடி சீவினால் பழைய அளவு திரும்புமா, இல்லை அந்தப் பாளை அவ்வளவுதானா? ஆண் பனை, பெண் பனைக்கு இதில் வித்தியாசம் உண்டா? ஏறிப் பழகியவர்கள் சொன்னால் நல்லது, புத்தகப் பதில் என்னிடமே இருக்கிறது. அப்புறம், சீவிய முனையில் சொட்டு திரள்வதை யாராவது மொபைலில் கிட்டத்தில் எடுத்திருந்தால் இங்கேயே போடுங்கள், அடுத்த வாரம் வகுப்பு.